அழுமூஞ்சி டயர்

ஜீப்பின் ஹாரன் கீச்சென்று அலறியது. தேயிலை ஃபேக்டரி முற்றத்தில் குனிந்து சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டிருந்த கருணாகரனுக்குப் பின்னால், தொட்டுவிடும் தூரத்தில் எஸ்டேட் ஜீப் வந்து நின்றது. பக்கத்தில் இருந்த லூயிஸ் துள்ளி விலகினான். கருணாகரன் மட்டும் கோட்டை நீட்டிக்கொண்டே போனார்.

ஜீப் டிரைவர் மரியஅந்தோணி தலையை வெளியே நீட்டினான். “ஏனுங்ணா, பத்திரிக்கை வெச்சுக் கூப்புட்டாத்தான் நகருவீங்களா?”

கருணாகரன் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். “காது அடைச்சிருக்குப்பா. நேத்து மேட்டுப்பாளையம் போயிட்டு வந்தனா, இன்னும் திறக்கல.”

“எச்சில முழுங்குங்ணா, படக்குனு திறந்துக்கும்.”

மலையில் இந்தப் பதிலுக்கு மறுகேள்வி கிடையாது. கீழே போய் ஏறி வருகிற எல்லோருக்கும்தான் காது அடைக்கிறது. கருணாகரனின் மனைவி தங்கமணி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். லூயிஸ் நிற்பதைப் பார்த்ததும் ஜாக்கியை எடுத்துக்கொண்டு காரிடம் போய்விட்டாள்.

ஊட்டியில் இருவரும் டயர் கடை நடத்துகிறார்கள். லூயிஸ் கோயமுத்தூரிலிருந்து வந்திருக்கும் டயர் கம்பெனி ஆள். வேகமான கார்களுக்கென்று அவர்கள் போட்ட போன மாடலுக்கு மலை டிரைவர்கள் வைத்த பெயர் ‘அழுமூஞ்சி’. பிடிப்பு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் வளைவில் கொஞ்சம் வேகமாகத் திருப்பினால் போதும், குழந்தை மாதிரி கத்தும். புது மாடல் அழாது என்கிறது கம்பெனி.

அதைச் சோதிக்கத்தான் விடுமுறை நாளில் இந்தச் சமதளமான முற்றம். கருணாகரன் பார்த்து நல்லது என்று சொல்லிவிட்டால், அடுத்த வாரத்திலிருந்து வாடிக்கையாளர்களைக் காரில் ஏற்றிக்கொண்டு கோத்தகிரி ரோட்டில் இறங்கி, டயரை ஓட்டிக் காட்ட வேண்டியது அவர் பொறுப்பு. இளவயதில் பந்தயத்தில் கார் ஓட்டியவர். அப்புறம் ஊரார் காருக்கெல்லாம் டயர் மாட்டிக் கொடுத்ததோடு சரி. காலையில் அவரே சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டதைத் தங்கமணி பார்த்திருந்தாள்.

“அண்ணா, எது புதுசு எது பழசுன்னு நான் சொல்ல மாட்டேன். நீங்களே கண்டுபிடிங்க,” என்றான் லூயிஸ்.

“நான் மாட்டுற டயரை அவரு கண்டுபுடிக்கிறதா? சேத்தைப் பூசி உட்டர்றேன் இருங்க,” என்றாள் தங்கமணி. டயர்களின் பக்கவாட்டில் இருந்த எழுத்தெல்லாம் சேற்றில் மறைந்தது. கருணாகரன் வாட்ச்மேன் ஷெட்டில் முதுகைக் காட்டி உட்கார்ந்து டீ குடித்தார்.

முதல் செட். கோட்டைச் சுற்றிக் கார் சீறிக்கொண்டு வளைந்தது. ரோட்டில் காற்று உரசுவது போல ஒரு முனகல், அவ்வளவுதான். பிரேக் போட்ட இடத்தில் நின்றது.

இரண்டாவது செட்டை மாட்டியதும் அதே கோடு, அதே வேகம். முதல் வளைவிலேயே டயர் வீறிட்டது. கூரையில் இருந்த காக்கைகள் கிளம்பின. தொழிலாளர்களின் லைன் வீடுகளிலிருந்து இரண்டு பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். லூயிஸ் காதைப் பொத்திக்கொண்டான்.

கருணாகரன் இறங்கி, ஸ்டியரிங் இன்னும் கையில் இருப்பது போலவே பேசினார். “முன்னால மாட்டுனதுதான் தம்பி புதுசு. கை திரும்பறதுக்குள்ள மூக்கு திரும்புது. பிரேக்குல உக்காந்துக்குது. இது பழசு, வெளியில ஒதுங்கிட்டுப் போயி அப்புறந்தான் புடிக்குது. சரிங்களா?”

“நூத்துக்கு நூறுண்ணா!”

“ஆனா பழசைச் சும்மா அழுமூஞ்சின்னு பேரு கெடுத்துட்டாங்க. எங்க அழுதுச்சு? கம்முனுதான வந்துச்சு!”

லூயிஸ் விழுந்து விழுந்து சிரித்தான். “கம்பெனிக்காரனையே கிண்டல் பண்றீங்களேண்ணா!”

தங்கமணி சிரிக்கவில்லை. கணவனின் முகத்தில் கிண்டல் இருக்கிறதா என்று தேடினாள். இல்லை. லூயிஸ் எதற்குச் சிரிக்கிறான் என்று புரியாமல் அவரும் சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

பேச்சு அவருக்குக் கேட்கிறது. கீச்சென்ற சத்தம்தான் கேட்பதில்லை போல. குக்கர் விசில் அடித்தால் அடுப்பை அணைக்க அவர் எழுவதில்லை. கைபேசி மேஜையில் கிடந்து அடிக்கும்; பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். சோம்பேறித்தனம் என்று அவளும் திட்டியிருக்கிறாள். இப்போது அந்தத் திட்டெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது.

டயர் விஷயத்தில் அவர் கை பொய் சொல்லவில்லை. காது இல்லாமலே பழசையும் புதுசையும் பிரித்துவிட்டார். அதனால்தான் சொல்லக் கஷ்டமாக இருந்தது. இந்த முற்றத்தில் அந்தக் கை போதும். கோத்தகிரி ரோட்டில் மூடுபனி இறங்கினால்? வளைவுக்கு அந்தப்பக்கம் பஸ் ஏறி வருகிறது என்று சொல்ல ஹாரன் ஒன்றுதான் உண்டு. பின் சீட்டில் யார் வீட்டுப் பிள்ளைகளோ உட்கார்ந்திருக்கும்.

“அப்ப வர்ற ஞாயித்துக்கிழமை ஆரம்பிச்சிரலாமாண்ணா?” என்றான் லூயிஸ். “எட்டு பேரு இப்பவே பேரு குடுத்திருக்காங்க.”

“தாராளமா!”

“வேண்டாங்க,” என்றாள் தங்கமணி.

இருவரும் திரும்பினார்கள். அவள் சேறு படிந்த கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே கணவனின் முன்னால் வந்து நின்றாள்.

“பழைய டயரு இப்ப கத்துன கத்துல லைன் வீடே எட்டிப் பாத்துச்சுங்க. மொதல்ல டாக்டர்கிட்டப் போயி காதைக் காட்டலாம். வண்டி ஓட்டறது அப்புறம்.”

லூயிஸின் சிரிப்பு நின்றது. கருணாகரன் அவனைப் பார்த்தார், காரைப் பார்த்தார், பிறகு விறைப்பாகச் சிரிக்க முயன்றார்.

“அட, இதுக்குப் போயி டாக்டரா? மேட்டுப்பாளையம் போயிட்டு வந்தா யாருக்கும் ரெண்டு நாள் அடைக்கத்தான் செய்யும் புள்ள.”

தங்கமணி அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நேத்து மேட்டுப்பாளையம் போனது நானுங்க, நீங்க கடையை விட்டே எறங்கலீங்க.”