பதினொன்றாம் பிளாக்கின் பின்கதவு

புஷ்பவல்லியிடம் ஒரு கோளாறு உண்டு. உடம்பு இருக்கிற இடத்தில் மனசு இருக்காது. சாம்பியாவில் இருந்த மூன்று வருஷமும் அது நெய்வேலியையே சுற்றிக்கொண்டு கிடந்தது. இப்போது லீவில் நெய்வேலிக்கு வந்து பதினாறு நாளாகிறது. அது சாம்பியாவிலேயே உட்கார்ந்துகொண்டு வரமாட்டேன் என்கிறது. காலை ஷிப்டுக்குச் சங்கு ஊதினால், விடுதிப் பெண்களை எழுப்பும் மணிதான் என்று நினைத்து, தோசைக் கரண்டியும் கையுமாக அப்படியே நின்றுவிடுவாள். தோசை கருகிப் போகும். நாத்தனார் பொன்னம்மாள் ஒரு வார்த்தை சொல்லாமல் கரண்டியை வாங்கி அடுத்ததை ஊற்றுவாள். அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று புஷ்பவல்லிக்குத் தோன்றும்.

சாம்பியாவில் அவள் வேலை பார்த்தது கன்னியாஸ்திரீகள் நடத்தும் பெண்கள் பள்ளிக்கூடத்தில். ரயில் நிற்கிற ஊரிலிருந்து செம்மண் பாதையில் லாரியில் நாலு மணி நேரம் போக வேண்டும். பகலில் கணக்கு வாத்தியார் வேலை; சாயங்காலம் நாற்பது பெண்கள் இருக்கிற ஒரு விடுதிக்குப் பொறுப்பு. தலை வாரியிருக்கிறதா, கட்டில் விரிப்பு சுருக்கமில்லாமல் இருக்கிறதா, யாருக்குக் காய்ச்சல், யார் வீட்டு நினைப்பில் அழுகிறாள் என்று பார்த்துக்கொண்டு போவதற்குள் இருட்டிவிடும். சாப்பாட்டுக்கு முன்னால் எல்லோரும் எழுந்து நின்று ஜெபம் சொல்லும்போது, நெற்றியில் திருநீற்றோடு அவளும் தலை குனிந்து நிற்பாள். யாரும் அவளைச் சொல்லச் சொன்னதில்லை. சோளமாவுக் களியும் பீன்ஸும் வரும். ஊரிலிருந்து கொண்டுபோன மிளகாய்ப்பொடியை ரகசியமாகத் தூவிக்கொள்வாள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குள் பெண்கள் பாடத் தொடங்கினால், அறையில் படுத்தபடி கண்ணை மூடிக்கொள்வாள். பாட்டு கூரைக்கு மேலே போய் மழையாகத் திரும்பி வருவதுபோல இருக்கும்.

நெய்வேலியில் ஆறு வருஷம் டெம்பரரி டீச்சராக இருந்தவள் அவள். வருஷக் கடைசியில் நிறுத்துவார்கள், ஜூனில் கூப்பிடுவார்கள். சாம்பியாவுக்குப் போன இரண்டாவது வருஷமே கணக்குப் பாடத்துக்குத் தலைமையாக்கிவிட்டார்கள். அந்த மரியாதையின் ருசி நாக்கில் ஒட்டிக்கொண்டுவிட்டது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

வரும்போதே அடுத்த மூன்று வருஷத்துக்கான காண்ட்ராக்ட் தாளைக் கையில் கொடுத்தனுப்பியிருந்தார்கள். கையெழுத்துப் போட்டு அனுப்பினால் ஜனவரியில் வேலை. சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டைப் பார்த்துக்கொள்ளும் புருஷன் சங்கரலிங்கம் நைட் ஷிப்ட் முடிந்து வந்து குளிக்கப் போகும்போது சொன்னான்: “உனக்கு எது சரின்னு படுதோ செய் புஷ்பா. நான் போகாதன்னும் சொல்லமாட்டேன், போன்னும் சொல்லமாட்டேன்.” சொல்லிவிட்டு, குளித்து, படுத்துத் தூங்கிவிட்டான்.

அவள் பார்த்துக்கொண்டிருந்தது அவனை அல்ல, மகள் பார்வதியை. விட்டுவிட்டுப் போகும்போது நாலு வயசு, இப்போது ஏழு. பொன்னம்மாள் கையால் சாப்பிட்டு, பொன்னம்மாள் பக்கத்தில் படுத்து, பொன்னம்மாளிடம் சண்டை போடுகிற பெண். தாயிடம் சண்டையே இல்லை. “தண்ணி வேணுமாங்க?” என்று கேட்கும். பாவாடைத் துணி கொடுத்தால் வாங்கிக்கொண்டு, “ரொம்ப நல்லா இருக்குங்க” என்று சொல்லும். ஒரு தடவைகூட அம்மா என்று வாயைத் திறக்கவில்லை. ‘குழந்தை என்னைத் தேடவே இல்லை. தேடியிருந்தால் இந்தத் தாளைக் கிழித்திருப்பேன்’ என்று பதினாறு நாளும் தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பதினேழாம் நாள் மத்தியானம் கையெழுத்துப் போட்டு, தபாலாபீசுக்குப் போய், ஸ்டாம்ப் ஒட்டிப் பெட்டியில் போட்டுவிட்டாள்.

திரும்பி வரக் கம்பெனி பஸ்ஸில் ஏறினாள். கார்த்திகை மாசத்து வெயில் ஜன்னல் வழியாக மடியில் விழுந்தது. கண் சொக்கியது. பஸ் இரைச்சலே பள்ளிக்கூட லாரியின் இரைச்சலாகி, ஒரு சிஸ்டர் வண்டி ஓட்ட, பின்னால் பெண்கள் பாட, பாதையின் இரண்டு பக்கமும் ஊதாப்பூ உதிர்ந்து கிடந்தது. யாரோ “பதினொண்ணாம் பிளாக்” என்றார்கள். அவள் இறங்கிவிட்டாள்.

டவுன்ஷிப்பில் இந்தத் தப்பைச் செய்யாத குடும்பம் கிடையாது. எல்லாம் ஒரே வரைபடத்தில் கட்டிய குவார்ட்டர்ஸ். ஒரே மஞ்சள் சுண்ணாம்பு, ஒரே பச்சைக் கதவு. நைட் ஷிப்ட் முடிந்து வருகிற மனுஷன் அடுத்த தெருவில் நுழைந்து, அடுத்தவன் பெண்டாட்டியிடம் காபி கேட்டுவிட்டு அசடு வழிந்துகொண்டு திரும்புவதெல்லாம் இங்கே சகஜம். புஷ்பவல்லி நுழைந்ததோ மூன்று வருஷத்துக்கு முந்தைய தன் வீட்டில். சங்கரலிங்கத்துக்கு புரமோஷன் வந்து, இரண்டு வருஷம் முன்பே இருபத்தெட்டாம் பிளாக்கில் பெரிய குவார்ட்டர்ஸ் கொடுத்துவிட்டார்கள். விவரமாகக் கடிதம் போட்டிருந்தான். அவளும் சந்தோஷப்பட்டுப் பதில் எழுதினாள். அவளுடைய கனவுக்கு மட்டும் அந்தக் கடிதம் போய்ச் சேரவில்லை. கட்டிலில் படுத்துக்கொண்டு அவள் மூன்று வருஷம் நடந்து நடந்து தேய்த்த பாதை, பள்ளிக்கூட மைதானத்தைக் குறுக்கே கடந்து இந்த வீட்டின் பின்கதவுக்கு வருகிற பாதைதான்.

அந்தப் பாதையிலேயே வந்தாள். பின்கதவு சும்மா சாத்தியிருந்தது; தள்ளியதும் திறந்தது. குழாயடியில் கால் கழுவினாள். சமையலறையில் குடம் இருந்த மூலையிலேயே குடம் இருந்தது. அந்தச் சமையலறையில் குடம் வைக்க வேறு மூலை கிடையாது. மேலே கவிழ்த்திருந்த டம்ளரில் மொண்டு குடித்தாள். சுவரில் காலண்டர் மாறியிருந்தது. பொன்னம்மாள் மாற்றியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டாள். உள் அறையில், ஜன்னலுக்குக் கீழே வெறும் சிமெண்டுத் தரையில், கன்னத்துக்குக் கையைக் கொடுத்துப் படுத்தாள். மூன்று வருஷமாக வராத தூக்கம் வந்தது.

விழித்தபோது நிலைப்படியில் ஒரு பெண் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். புஷ்பவல்லிக்கு அவளைத் தெரியவில்லை. பிறகு சுவர் தெரிந்தது, காலண்டர் தெரிந்தது, தான் செய்த காரியமும் தெரிந்தது. வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்தாள்.

“ஐயோ, மன்னிச்சுக்குங்க. பழைய நினைப்புல எங்க வீடுன்னு…”

“எதுக்குங்க எந்திரிக்கிறீங்க? அப்டியே குந்துங்க டீச்சரம்மா. எம் பேரு அமிர்தம். எங்க வூட்டுக்காரரும் மைன்சுலதான் கீறாரு.”

“என்னை உங்களுக்குத் தெரியுமா?”

“கன்னத்துல கைய வச்சிகினு தூங்குறீங்களே, அது போதாதா? ஒங்க பொண்ணும் இதே எடத்துல இப்டித்தான் தூங்கும்.”

புஷ்பவல்லிக்கு ஒன்றும் புரியவில்லை. “பார்வதியா? இங்கயா?”

“வேற யாரு? நாங்க இந்த வூட்டுக்கு வந்த மக்காநாளே, பள்ளிக்கூடம் வுட்டதும் பின்னால வந்து நின்னுகினு இருந்திச்சி. இன்னா பாப்பான்னு கேட்டேன். ‘எங்கம்மா இந்தக் கதவு வழியாத்தான் வருவா. புது வூடு எங்கன்னு அவளுக்குத் தெரியாது. சாயங்காலத்துல தாப்பா போட்டுடாதீங்க’ன்னிச்சி.” அமிர்தம் கீரைக் காம்பை முறத்தின் ஓரத்தில் ஒதுக்கினாள். “அன்னியிலேர்ந்து போடறதில்லீங்க. தெனம் வரும். அது போற பஸ்ஸு வர்ற வரிக்கும் ஒக்காந்துகினு இருக்கும். ஒரு தபா ஆடு பூந்து ஒரு படி அரிசியத் தின்னுட்டுப் போச்சி. எங்க வூட்டுக்காரரு கத்துனாரு கத்து. இன்னா பண்றது, பச்சப்புள்ளைக்கு வாக்கு குடுத்தாச்சே!”

“நான் வந்து இத்தனை நாள் ஆச்சே. இன்னுமா வர்றா?”

அமிர்தம் சொல்லலாமா என்று யோசித்தாள்.

“நேத்துகூட வந்திச்சி. ‘அதான் அம்மா வந்துட்டாங்களே பாப்பா’ன்னு நானும் சொன்னேன். ‘அவங்க லீவுல வந்திருக்காங்க’ன்னிச்சி.”

புஷ்பவல்லிக்குச் சாம்பியா நினைவுக்கு வந்தது. விடுதியில் மாதம் ஒரு ஞாயிறு, பெற்றோர் வந்து பார்க்கிற நாள். யாரும் வரமாட்டார்கள் என்று நிச்சயமாகத் தெரிந்த பெண்கள்கூட அன்றைக்குச் சீருடையைத் தோய்த்துப் போட்டுக்கொண்டு மரத்தடியில் போய் உட்காருவார்கள். மிரியம் என்று ஒருத்தி. அவள் அம்மா தாமிரச் சுரங்க ஊரில் எங்கேயோ வேலை செய்கிறாள், வந்ததே இல்லை. மிரியத்தோடு புஷ்பவல்லியும் உட்கார்ந்திருப்பாள். ‘பெற்றவளுக்கு எப்படித்தான் மனசு வருகிறதோ’ என்று எத்தனை ஞாயிறு அந்த முகம் தெரியாத தாயைத் திட்டியிருக்கிறாள்! கடைசி ஞாயிறன்று மிரியம், “நீங்களும் போனால் வரமாட்டீர்கள், மேடம்” என்றாள். ஜனவரியில் கட்டாயம் வருவேன் என்று அவள் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுத்தான் லாரி ஏறினாள்.

பள்ளிக்கூட மணி அடித்தது. கொஞ்ச நேரத்தில் பின்கதவு திறந்தது.

தோளில் பையோடு பார்வதி நின்றாள். தாயைப் பார்த்தாள். அமிர்தத்தைப் பார்த்தாள். மறுபடி தாயைப் பார்த்தாள். பையை இறக்கித் தரையில் வைத்தாள்.

“வந்துட்டியாம்மா?”

“வந்துட்டேன் கண்ணு.”

“எவ்ளோ நாளு!” என்று சொல்லிக்கொண்டே ஓடிவந்து இரண்டு கையாலும் முதுகில் அடித்தாள். நல்ல அடி. வலித்தது. அடித்து ஓய்ந்ததும் மடியில் ஏறி உட்கார்ந்து, மூக்கைத் தாயின் முந்தானையில் துடைத்துக்கொண்டாள். புஷ்பவல்லி அழுதாள். அமிர்தமும் கீரையை விட்டுவிட்டு மூக்கை உறிஞ்சினாள்.

“இனிமே போகமாட்டதானே?”

வகுப்பிலும் வீட்டிலும் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள் புஷ்பவல்லி. இப்போதும் வாயில் வரவில்லை.

“திரும்ப அங்க வர்றேன்னு எழுதி, மத்தியானந்தான் தபால்ல போட்டேன்.”

பார்வதி அழவில்லை. கொஞ்சம் யோசித்தாள். பிறகு, கடையில் சாமான் சொல்வதுபோல, அமிர்தத்தின் பக்கம் திரும்பிச் சொன்னாள்:

“அமிர்தக்கா, அப்ப இன்னும் மூணு வருசத்துக்குத் தாப்பா போடாதீங்க.”

அமிர்தம் டீச்சரம்மாவின் முகத்தைப் பார்க்காமல் முறத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“போட்டுக்குங்க அமிர்தம்,” என்றாள் புஷ்பவல்லி. “இன்னைலேர்ந்து நீங்க தாராளமா போட்டுக்குங்க.”

பார்வதிக்கு அது புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் தாயின் கழுத்தை இறுக்கிக்கொண்டாள்.

இருபத்தெட்டாம் பிளாக்குக்குப் போகிற பஸ்ஸில் பார்வதியின் வாய் ஓயவில்லை. ஆடு அரிசி தின்ற கதையை இரண்டு தடவை சொன்னாள். பொன்னம்மாள் அத்தை குறட்டை விடுவாள் என்றாள். புஷ்பவல்லி ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டு வந்தாள். மனசு எங்கேயும் போகவில்லை. நாளைக் காலை பள்ளிக்கூடத்தை நடத்தும் மதருக்கு எழுத வேண்டும்: அனுப்பிய தாளை ரத்து செய்துவிடுங்கள், என்னால் வர இயலாது என்று. அது நாலு வரி, எழுதிவிடலாம். மிரியத்துக்கு என்ன எழுதுவது என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை.