ஹெனுவின் கண்கள்

மன்னர் செனுஸ்ரத்தின் பதினான்காம் ஆண்டு, வெள்ளக் காலத்தின் மூன்றாம் மாதம், எட்டாம் நாள்.

இன்று ஒரு சிறு தவறு செய்தேன். படகுக்காரர் ஹெனுவின் சவப்பெட்டியில் கண்களைத் தப்பான பக்கத்தில் வரைந்துவிட்டேன். சிறு தவறு என்று எழுதுவது எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஆனால் மாலை வகுப்பில் எழுதக் கற்றுத்தரும் எழுத்தர், எதையும் அடக்கமாகத் தொடங்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். வரிசையாகச் செய்வதில் எனக்கு ஈடு கிடையாது. தவறைக்கூட வரிசையாகத்தான் செய்தேன்.

தலை வடக்கே, முகம் கிழக்கே. உடல் இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுத்திருக்கும். முகத்துக்கு நேரே பலகையில் இரண்டு கண் வரைந்தால், உள்ளே இருப்பவர் அதன் வழியே தினமும் சூரியன் எழுவதைப் பார்த்துத் தானும் எழுவார். எங்கள் பட்டறையில் தச்சனின் கழுதைக்குக்கூட இது தெரியும். அதனால் நான் காலையிலேயே வாசலுக்குப் போய், சூரியன் எந்தப் பக்கம் எழுகிறது என்று என் கண்ணால் பார்த்து உறுதி செய்துகொண்டேன். உள்ளே வந்து பெட்டியின் கிழக்குப் பலகையில் கோடு போட்டேன், கட்டம் கட்டினேன், புருவம், விழி, கீழே இழுத்த கோடு என்று மதியம் வரை வரைந்தேன். இதுவரை நான் வரைந்த கண்களிலேயே அவைதான் அழகு.

மேஸ்திரி நெஹ்ரி வந்து நின்றார். பெட்டியை இரண்டு முறை சுற்றி வந்தார். பாராட்டுக்குச் சொல் தேடுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

"சென்பி, இந்தப் பெட்டிக்குத் தலை எந்தப் பக்கம்டா?" என்றார்.

நிழலுக்காகப் பெட்டியைத் திருப்பிப் போட்டிருந்தார்கள். தலை தெற்கே இருந்தது. பாதத்தைக் காக்கும் தெய்வமான ஐசிஸை அவரே வடக்குப் பலகையில் வரைந்து வைத்திருந்தார். நான் காலையிலிருந்து அவளுடைய முழங்கையில் சாய்ந்துகொண்டுதான் வேலை செய்தேன். கல்லறையில் வைக்கும்போது என் அழகான கண்கள் மேற்கே, பாறைச் சுவரைப் பார்க்கும். ஹெனு சூரியனைப் பார்க்கவே மாட்டார். எழவும் மாட்டார்.

இழைத்து எடுத்துவிடலாமா என்று கேட்டேன். வரைந்து திறந்த கண்ணில் உளியை வைத்தால் அந்த மனிதனையே குருடாக்கியதாகிவிடும், அந்தப் பாவத்தை நீ சுமக்கிறாயா என்றார். பெட்டியைத் திருப்பி வைத்து, கால்பக்கம் தலையை வைக்கலாமே என்றேன். ஐசிஸ் அவன் தலைமாட்டில் உட்கார்ந்து காலைத் தேடிக்கொண்டிருப்பாளா என்றார். புதுப் பெட்டி செய்ய மரமில்லை. உடலுக்குத் துணி சுற்றி முடித்தாகிவிட்டது, அடக்கம் நாளை மறுநாள். கடைசியில், விதவை நெபெத்திடம் நானே போய்ச் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்தார். அதுவரை என் கையில் தூரிகை கிடையாது.

வழியெல்லாம் பேச்சை ஒத்திகை பார்த்தேன். வகுப்பில் இதுவரை கற்றது மேலதிகாரிக்கு எழுதும் விண்ணப்ப நடை மட்டுமே. அதனால் நெபெத் பீர் வடிக்க ரொட்டியை நீரில் பிசைந்துகொண்டிருந்த தொட்டியின் முன்னால் நின்று, "இந்த எளிய ஊழியன் தங்கள் நலனும் ஆயுளும் செழிக்க வேண்டி அறிவிப்பது யாதெனில்" என்று தொடங்கினேன். அவர் கையை உதறிவிட்டு, யாராவது செத்துவிட்டார்களா என்று கேட்டார். ஏற்கெனவே செத்தவர் விஷயம்தான் என்றேன். இதைவிட மோசமாக ஒரு பேச்சைத் தொடங்க முடியுமா என்று இப்போதும் யோசிக்கிறேன். முடியாது.

சொல்லி முடித்ததும் அவர் அழவில்லை, திட்டவுமில்லை. மாவுக் கையோடு என்னுடன் பட்டறைக்கு நடந்து வந்தார். கண்களுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தார்.

"அவர் கண்ணு இவ்ளோ பெருசு இல்லியே" என்றார். பிறகு மேஸ்திரியிடம், தன் பெட்டி பிற்பாடு எங்கே வரும் என்று கேட்டார்.

"ஒரே அறைதாம்மா. இவருக்கு மேற்கால, முதுகுக்குப் பின்னாடி."

"அங்கயும் முதுகா?"

மேஸ்திரி என்னைப் பார்த்தார். நான் ஐசிஸைப் பார்த்தேன்.

நெபெத் சொன்னார். ஹெனு ஒருநாள்கூடத் தன் மனைவி பக்கம் திரும்பிப் படுத்ததில்லையாம். முதல் படகை எடுக்க விடியல் தெரிய வேண்டும் என்று வாசலைப் பார்த்தேதான் படுப்பாராம். பிள்ளை பிறந்த கதை, பிள்ளை போன கதை எல்லாவற்றையும் நெபெத் அந்த முதுகிடம்தான் சொன்னாராம். நல்ல முதுகுதான், குறை சொல்ல முடியாது என்றார்.

"இந்தக் கண்ணு அப்படியே இருக்கட்டும் தம்பி. அந்தப் பக்கமும் ரெண்டு வரஞ்சிடு. காலைல சூரியனப் பாக்கட்டும், அது அவர் பொழப்பு. அப்புறம் இந்தப் பக்கம்."

உடல் இடப்பக்கமாகத்தானே கிடக்கும், அதற்கு எதற்கு நாலு கண் என்று மேஸ்திரி மெதுவாகக் கேட்டார்.

"கெடக்கட்டும். நான் கூப்புட்டா கேக்கலன்னு சொல்லலாம். இந்தப் பக்கம் கண்ணு இல்லன்னு சொல்ல முடியாதுல்ல" என்றார் நெபெத்.

இப்படி ஒரு பெட்டியைத் தான் பார்த்ததே இல்லை என்று மேஸ்திரி முனகினார். ஆனாலும் தூரிகையை எடுத்து என் கையில் கொடுத்தார். நெபெத் போகும்போது, தன் பெட்டியில் கண் வரையும் நாள் வந்தால் இதே உயரத்தில் வரையச் சொன்னார். இல்லாவிட்டால் காலமெல்லாம் ஹெனுவின் தாடையையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமாம்.

என் தவறு ஒருவருக்குப் பிடித்துப்போனது இதுவே முதல் முறை. இதை ஒரு முறையாக வைத்துக்கொள்ளக் கூடாது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

நாளைய வேலை: முதலில் பெட்டியின் தலைப்பக்கம் எது என்று பார்ப்பது, மேஸ்திரியிடமும் கேட்டுக்கொள்வது. பிறகு இடப்பலகையில் ஹெனுவுக்கு இரண்டு கண், கொஞ்சம் சிறியதாக. நெபெத்துக்காகத் தரையிலிருந்து கண்ணின் உயரத்தைக் கயிற்றில் அளந்து, முடிச்சுப் போட்டு வைப்பது.