கவனித்தவருக்குள் நடந்தது

1.
ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை வயிற்றெரிச்சலில் பிறந்தது. கெஸ்டால்ட் என்ற உளச்சிகிச்சை முறைக்கான பயிற்சியில் மூவர் மூவராக உட்காருவோம். ஒருவர் சிகிச்சையாளர், ஒருவர் தன் கஷ்டத்தைச் சொல்பவர், மூன்றாமவர் வாயை மூடிக்கொண்டு குறிப்பெடுப்பவர். அன்று சிகிச்சையாளர் என் காதலி (அவளுக்கு இன்னும் தெரியாது). கஷ்டம் சொன்னவன் சுருட்டை (முடியைப் பார்த்து நான் வைத்த பெயர்). வாயை மூடியவன் நான்.

2.
முதல் தொடக்கம்: 'வெளியே மழை. சுருட்டையின் கண்களிலும்...' வேண்டாம். அவனுக்கெதற்கு மழை?

இரண்டாவது: சுருட்டை தன் அப்பாவைப் பற்றிப் பேசினான். அவள் முன்னால் சாய்ந்து கேட்டாள். நான் பேசினால் போனைப் பார்ப்பாள். என் நாற்காலியைக் கிறீச்சென்று அரை அடி முன்னே இழுத்தேன். அவன் பாதியில் நிறுத்திவிட்டான். 'பேசுபவர் ஒத்துழைக்கவில்லை' என்று குறிப்புத் தாளில் எழுதினேன்.

(இங்கே அவனைக் கொஞ்சம் அசிங்கமாகக் காட்டலாம் என்று பார்த்தேன். பாவி, அழும்போதும் அழகாக இருக்கிறான்.)

3.
பயிற்சியாளர் மேடம் தாளைப் படித்தார். "ஏன் நிறுத்தினான்?"

"அவன் குணம் அப்படி மேடம்."

"நாற்காலி சத்தம் எனக்கே கேட்டுச்சு. யார் பக்கத்துல இருக்காங்க, யார் முறைக்கிறாங்க, எல்லாம் சேர்ந்துதான்பா ஒருத்தன் வாயை மூடுது. இதுதான் களக் கோட்பாடு. நீ வெளியில நின்னு வேடிக்கை பார்க்கல. நீயும் உள்ளதான் இருந்த."

பளிச்சென்று புரிந்தது, எனக்கு வசதியான விதத்தில். இடைவேளையில் அவளிடம் ஓடினேன்.

"தப்பு என்னோடது இல்ல. மூணு பேருக்கும் நடுவுல இருக்கு."

"சரி, அந்த நடுவுல இருக்கிறதையே போய் அவன்கிட்ட மன்னிப்பு கேக்கச் சொல்லு. தனக்குத்தான் பேச வரலன்னு நினைச்சு உக்காந்திருக்கான்டா."

4.
தாளில் கடைசிக் கட்டம் காலி: 'கவனித்தவருக்குள் என்ன நடந்தது?' இடைவேளை முடிந்ததும் மற்ற இருவருக்கும் கேட்கும்படி நானே வாசிக்க வேண்டும்.

முடிவு அ: 'ஒன்றுமில்லை' என்கிறேன். சுருட்டை இனி வாயைத் திறக்கமாட்டான். அவள் ஆறுதல் சொல்லப் போவாள். தினமும்.

முடிவு ஆ: உள்ளதைச் சொல்கிறேன். அவன்மேல் குற்றமில்லை என்று அவனுக்குத் தெரியும். என் விஷயம் அவளுக்குத் தெரியும். அவள் சிரிப்பாள், அல்லது...

முடிவு இ: எல்லோருக்கும் நல்லது நடக்கிறது. எழுதக் கை வரவில்லை.

5.
மூவரும் உட்கார்ந்தாயிற்று. நான் எழுதாமல் இருப்பதைச் சுருட்டை பார்த்துவிட்டான்.

"பேனா எழுதலையா மச்சான்? இந்தா, என்னோடதை வச்சுக்க."

வாங்கிக்கொண்டேன். 'அவன் நிறுத்தக் காரணம்' வரை எழுதிவிட்டேன். அடுத்த சொல்லை நீங்கள் போடுங்கள். சீக்கிரம், அவள் பார்க்கிறாள். பேனா வழுக்கிக்கொண்டு எழுதுகிறது, அதுவும் எரிகிறது எனக்கு.