கயிறு பிடிக்க ஆறு பேர்

கராம்பு மொட்டு சிவந்துவிட்டது. இன்னும் இரண்டு நாளில் விரிந்துவிடும். விரிந்தால் வாங்க ஆளில்லை. இரத்தோட்டைக்கு மேலே அந்தத் தோட்டத்தில் காலையிலேயே மழை இருட்டு. மேனேஜர் துஷ்யந்தன் வந்து நின்றதும் சொன்னார்: "இன்னைக்குத் தொண்ணூறு கிலோ வேணும், நிரஞ்சனி."

நிரஞ்சனி அங்கே கணக்குப்பிள்ளை. வந்து மூன்று மாதம்தான், வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. துண்டுக் கடதாசியில் மூன்று சமனிலிகளை வரிக்கு ஒன்றாக எழுதி நீட்டினாள். மரமேறுகிறவர்கள் x, கீழே நிற்கிறவர்கள் y. வந்திருப்பது பத்துப் பேர்: x + y ≤ 10. ஏறுகிறவனின் இடுப்புக் கயிறு மேல்கிளையைச் சுற்றிக் கீழே வரும், அதைப் பிடிக்க ஆளுக்கு ஒருவர்: y ≥ x. ஒருவன் பறிப்பது பதினைந்து கிலோ: 15x ≥ 90.

"மூணு சமனிலிக்கும் சேர்த்து விடையே இல்லைங்க சேர். ஆறு பேர் ஏறினா ஆறு பேர் பிடிக்கணும். பன்னிரண்டாகுது. அஞ்சு பேர்தான் ஏறலாம்."

துஷ்யந்தன் பேனையை வாங்கி, நடுவரியை அடித்து 2y ≥ x என்று எழுதினார். "ஒருத்தர் ரெண்டு கயிறு பிடிக்கட்டும். ஆறு மேலே, நாலு கீழே. இப்ப வருதா?"

வந்தது. கடதாசியில் எல்லாம் சரியாக வந்தது. ஏறப்போகும் ஆறாவது ஆள் அவளுடைய அண்ணன் சசிக்குமார்.

கயிற்றோடு நின்ற காத்தாயி சும்மா இருக்கவில்லை. "அப்படியே இன்னொண்ணும் எழுதிக் குடுங்க சேர். ரெண்டு பேரும் ஒண்ணா வழுக்கினா எந்தக் கையை விடணும்?"

யாரோ சிரித்தார்கள். சசிக்குமார் சிரிக்கவில்லை. ராத்திரி மழையில் நனைந்திருந்த மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வாய் திறந்தால் நாளைக்கு வேலை இருக்காது. இருந்தும் நிரஞ்சனி சொன்னாள்: "கயித்துக் கணக்கை மாத்தக்கூடாதுங்க சேர். பத்தை வேணா மாத்தலாம். நானும் நீங்களும் பிடிச்சா பன்னிரண்டு."

"நானா?"

"ஏன், சேருக்குக் கை சுளுக்கா?" என்றாள் காத்தாயி.

பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். துஷ்யந்தன் கையிலிருந்த போனைச் சட்டைப் பையில் போட்டார். பக்கத்தில் கிடந்த கயிற்றை எடுத்தார். அது சசிக்குமாருடையது. நிரஞ்சனி வேறொரு கயிற்றைப் பிடித்தாள். ஆறு பேரும் ஏறிய பிறகும் அவள் கண் மட்டும் அவர் கையிலேயே இருந்தது.

"இங்கே பாரு புள்ளே, நான்தான் உன் ஆளு!" என்று அவள் தலைக்கு மேலிருந்து கத்தினான் ஒருவன்.

அரைமணி நேரத்தில் தூறல் விழுந்தது. சசிக்குமாரின் கால் நழுவியது. கயிறு விறைத்தது, துஷ்யந்தன் இழுபட்டு, மரத்தடிச் சேற்றில் முழங்கால் குத்தி விழுந்தார். விடவில்லை. சசிக்குமார் தொங்கியபடி சுழன்று, கால் நீட்டித் துழாவி ஒரு கிளையில் ஊன்றிக்கொண்டான்.

"இறங்குடா. மெதுவா இறங்கு," என்றார் துஷ்யந்தன்.

அவன் தரையில் கால் வைத்த பிறகுதான் அவர் கையை விரித்தார். உள்ளங்கையில் தோல் இல்லை. யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னார்: "அஞ்சு பேர் போதும். எழுபத்தஞ்சு கிலோன்னு எழுதும்மா."

எழுத நிரஞ்சனிக்குக் கை ஒழியவில்லை. அவள் கயிற்றின் மறுமுனையில் ஆள் இருந்தான்.