விளக்குப் புதிரின் இரண்டு கட்டங்கள்

2024ஆம் ஆண்டு மார்ச் மாதம் 12ஆம் நாள், செவ்வாய்க்கிழமை, முற்பகல் பத்து மணி இருபது நிமிடத்தில், பதினான்கு சிறு புதிர் விளையாட்டுகள் மூன்று இயங்குதளங்களுக்கென எழுதி முடிக்கப்பட்டிருந்தன. வெளியீட்டுக்கு ஆறு நாள்கள் இருந்தன. அவற்றை இரண்டே முக்கால் ஆண்டுகளாகத் தனியாளாக எழுதியவள், மேசைமேல் வரிசையாக வைத்த மூன்று கணினிகளுக்கு முன்னால் அமர்ந்திருந்தாள். அவளுடைய அண்ணி, கீழ்த்தளத்துத் தையல் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, கழுத்தில் அளவு நாடாவோடு மாடியேறி வந்தாள்.

“நாத்தனாரே, உங்க அண்ணன் நாலு நாளா என்கூட பேசலை. நீ சொன்ன தீர்ப்புதான் காரணம்.”

தீர்ப்புச் சொன்னது உண்மைதான். அண்ணன் சரக்குக் கப்பலில் பொறியாளன். ஏழு மாதத்துக்கு ஒருமுறைதான் வீடு. கணவனும் மனைவியும், தங்கை முன்கூட்டியே தந்திருந்த அந்தப் பதினான்கில் ஒன்றான விளக்குப் புதிரில், நாள்தோறும் காலையில் ஒரே கட்டத்தை ஆளுக்கொரு பக்கம் போட்டிபோட்டு அவிழ்ப்பார்கள். சதுரக் கட்டத்தில் கறுப்புச் சுவர்கள் இருக்கும்; ஒரு விளக்கின் வெளிச்சம் இன்னொரு விளக்கின்மேல் படாமல், வெள்ளைக் கட்டங்கள் யாவும் ஒளி பெறும்படி விளக்குகளை வைக்க வேண்டும். ஒருவர் ஒன்பது இலக்க எண்ணை அனுப்பினால், அந்த எண்ணிலிருந்து இருவர் கணினியிலும் ஒரே புதிர் விரியும். வெள்ளிக்கிழமை அண்ணன், “மூணாவது வரிசை, ஏழாவது கட்டத்துல கடைசி விளக்கு. முடிச்சாச்சு!” என்று எழுதியிருந்தான். அண்ணியின் திரையில் அந்த இடத்தில் சுவர் நின்றது. முடிக்காமலே அளக்கிறான் என்று அவளும், அளப்பவள் அவள்தான் என்று அவனும் முட்டிக்கொண்டார்கள். தங்கை திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, “எண் ஒண்ணுன்னா புதிரும் ஒண்ணுதான் அண்ணி. அவன் புளுகுறான்” என்று சொல்லிவிட்டாள். அண்ணி அதை ஓர் எழுத்துக்கூடக் குறையாமல் கப்பலுக்கு அனுப்பிவிட்டாள்.

“புளுகுறவரா இருந்தா சிரிச்சு மழுப்பிட்டுப் போயிருப்பார். இப்படி வாயை மூடிட்டு இருக்க மாட்டார். போன வாரம் அவருக்குக் கப்பல்ல வேற கம்ப்யூட்டர் கொடுத்தாங்களாம். அந்த எண்ணை இங்க மூணுலயும் போட்டுக் காட்டு.”

“போட்டாலும் அதேதான் வரும்.”

“வரட்டுமே. பார்த்தா உன் கண்ணு தேஞ்சா போயிடும்?”

போட்டாள். முதல் இரண்டிலும் ஒரே கட்டம், மூன்றாவதில் வேறு. அந்தக் கணினியில் விளையாட்டு திறக்கிறதா, மூடுகிறதா என்பதை மட்டுமே தங்கை சோதித்திருந்தாள்; திறப்பது எந்தப் புதிர் என்று ஒருநாளும் ஒப்பிட்டதில்லை.

இரண்டையும் விடைகளோடு அச்செடுத்தாள். அண்ணி தாள்களை வாங்கித் துணி வெட்டுபவளின் கண்ணால் அளந்தாள். பிறகு ஒன்றைப் புரட்டினாள். கால் சுற்றுத் திருப்பினாள். மற்றதன்மேல் வைத்து இரண்டையும் ஜன்னல் கண்ணாடியில் அழுத்திப் பிடித்தாள்.

“இது வேற இல்லைடி. இது வலது கை, இது இடது கை. வெட்டு ஒண்ணுதான்.”

வெயில் இரண்டு தாள்களையும் ஊடுருவியது. சுவரின்மேல் சுவர், விளக்கின்மேல் விளக்கு, மயிரிழையும் பிசகவில்லை. அண்ணனின் மூன்றாம் வரிசை ஏழாம் கட்டத்து விளக்கு, அண்ணியின் ஏழாம் வரிசை மூன்றாம் கட்டத்து விளக்கின்மேல் உட்கார்ந்திருந்தது.

தங்கைக்குக் காரணம் புரிந்துவிட்டது. ஒன்பது இலக்க எண்ணிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாகப் பிறக்கும் எண்களில், சுவர் வைக்கும் இடத்துக்கு வரிசை எண்ணையும், நிரல் எனப்படும் நெடுக்கு வரிசையின் எண்ணையும் அவள் ஒரே கட்டளை வரியில் கேட்டிருந்தாள். எதை முதலில் எடுப்பது என்று சொல்லவில்லை. இரண்டு கணினிகள் வரிசையை முதலில் எடுத்தன. மூன்றாவது நிரலை எடுத்தது. சொல்லாமல் விட்ட ஒழுங்கை அவை தத்தம் விருப்பப்படி நிரப்பிக்கொண்டன. பிழை தன்னுடையதுதான் என்று தெரிந்தும், அவளால் ஜன்னலிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

“இவ்வளவையும் நீயா வரைஞ்ச?” அண்ணியின் குரல் தணிந்திருந்தது.

“இல்லை அண்ணி. நான் எழுதினது இருநூறு வரி. இந்தக் கட்டத்தை நானே இன்னிக்குத்தான் முதல்முறையா பார்க்கிறேன்.”

“இது மாதிரி உள்ள எத்தனை இருக்கு?”

“நூறு கோடி எண் இருக்கு. நிமிஷத்துக்கு ஒண்ணுன்னு தூங்காம போட்டாலும் ஆயிரத்துத் தொள்ளாயிரம் வருஷம் ஆகும்.”

“அத்தனைக்கும் ஒரே விடையா?”

“ஒவ்வொண்ணுக்கும் ஒண்ணே ஒண்ணு. இப்போ பார்த்தா, ஒவ்வொண்ணுக்கும் இப்படி ஒரு ஜோடியும் இருக்கு.”

அண்ணி தாள்களை விடாமலே முக்காலியில் உட்கார்ந்தாள். கீழே யாரோ கடைக் கதவைத் தட்டினார்கள், இருவரும் அசையவில்லை.

“இதைத் திருத்தவே மனசு வரலை,” என்றாள் தங்கை. “இவ்வளவு அழகா ஒரு தப்பு நான் பண்ணதே இல்லை.”

“அழகுதான், நான் இல்லைன்னு சொல்லலை. ஆனா உங்க அண்ணன் நாலு நாளா புளுகன்கிற பேரோட நடுக்கடல்ல உட்கார்ந்திருக்காரே!”

தங்கைக்கு முகம் சிவந்தது. விசைப்பலகையை இழுத்து, “நீ புளுகவில்லை. தப்பு என்னுடையது” என்று தொடங்கி, இரண்டு கட்டங்களின் படத்தையும் இணைத்து அண்ணனுக்கு அனுப்பினாள். பிற்பகல் மூன்று மணிக்குப் பதில் வந்தது: “படத்தை இஞ்சின் அறையில எல்லாரும் சுத்தி நின்னு பார்க்கிறாங்க. உங்க அண்ணியைக் கூப்பிடு.”

அன்று மாலை முடிவானவை இவை. சுவர் வைக்கும்போது வரிசை முதலிலும் நிரல் அடுத்தும் தனித்தனி வரிகளில் கேட்கப்படும். ஆகவே மாறப்போவது அண்ணனின் கட்டம். வெளியீடு மார்ச் 18ஆம் தேதியிலிருந்து ஏப்ரல் 2ஆம் தேதிக்குத் தள்ளிவைக்கப்பட்டது. அதற்குள் பதினான்கு விளையாட்டுகளிலும் நூறு நூறு எண்கள் மூன்று கணினிகளிலும் ஒப்பிடப்படும். வெள்ளிக்கிழமை ஆட்டத்தில் அண்ணனே முதலில் முடித்தான் என்று அண்ணி ஒப்புக்கொண்டாள்.