சன்னலடித் தாழி

தாழியின் கல்மூடியைக் கொழுந்தன் ஒத்தார் கடப்பாரையால் நெம்பியதும், புளித்துக் காடியாகிப்போன ஒயினின் நெடி நிலவறை முழுதும் பரவியது. அவன் மூடியை ஓசையின்றி மீண்டும் பொருத்தினான். அண்ணியின் முகத்தைப் பார்ப்பதைத் தவிர்த்தான். அந்தத் தாழியைக் காட்டியவள் அவள்தான்.

மாடியில் அவன் அண்ணன் நுக்சார் சவப்பெட்டிக்குள் கிடந்தார். மறுநாள் அடக்கம், அதன்பின் ஊர் சாப்பிட உட்காரும். திராட்சை விளையும் காக்கேத்தி வட்டாரத்தில் இறந்தவன் வீட்டு ஒயினைத்தான் அவன் பெயரைச் சொல்லிக் குடிப்பார்கள். கழுத்துவரை மண்ணில் புதைந்த தாழிகளில் இன்னும் இரண்டு திறக்கப்படாமல் இருந்தன. ஒன்றைத் திறந்தால் குடித்துத் தீர்க்க வேண்டும். காற்றுப் பட்டது கெட்டுவிடும். எதில் நல்ல ஒயின் இருக்கிறது என்பதை நுக்சார் மனைவி எத்தேரியிடம் சொன்னதில்லை. அவளிடம் அவர் எதையுமே அதிகம் சொன்னதில்லை.

“லமாராவைக் கேட்டாத் தெரியும், அண்ணி.”

“என் வீட்டுத் தாழியை அவகிட்டக் கேக்கணுமா?”

“வேற வழி? காடியை ஊத்தினா அண்ணன் எந்திரிச்சு உக்காந்துடுவான்.”

லமாரா சனிக்கிழமைதோறும் சுற்றுலாக்காரர்களை வேனில் அழைத்து வருபவள். காலித் தாழிக்குள் இறங்கிச் செர்ரி மரப்பட்டையால் உட்சுவரைத் தேய்த்துக் கழுவிப் பார்க்க அவர்களே பணம் கொடுத்தார்கள். எத்தேரி அதே வேலையைத் திருமணமான ஆண்டிலிருந்து சும்மா செய்துவந்தாள். சனிக்கிழமை மட்டும் நுக்சார் வாய் ஓயாமல் பேசுவார், லமாரா மொழிபெயர்ப்பாள். ரொட்டி சுடும் எத்தேரியின் காதுக்கு அவர்களின் சிரிப்பொலி மட்டும் வந்து சேரும்.

கறுப்பு உடையில் இறங்கி வந்த லமாரா, யோசிக்காமல் சன்னலடித் தாழியைக் காட்டினாள். அந்த உறுதியை எத்தேரியால் பொறுக்க முடியவில்லை.

“உனக்கெப்படித் தெரியும்?”

“வர்றவங்க எல்லாரையும் இதுகிட்டதான் நிறுத்துவார், அக்கா. ‘இது என் பொண்டாட்டி மாதிரி’ம்பார்.”

“என்ன மாதிரியாம்?”

“‘மொதல் வாய் கசக்கும். அப்புறம் வேற எதுவும் பிடிக்காது.’”

“சிரிப்பாங்களா?”

“மொதல் பாதிக்குச் சிரிப்பாங்க.”

“மிச்சத்துக்கு?”

லமாரா கையுறையைச் சரிசெய்தாள். “அதை ரொம்ப மெதுவாச் சொல்வார். யாருக்கும் சிரிக்கத் தோணாது.”

பெயர் தெரியாத எத்தனையோ பேர் அதைக் கேட்டுவிட்டுத் தத்தம் ஊருக்குத் திரும்பியிருந்தார்கள்.

ஒத்தார் அந்தத் தாழிமேலிருந்த மண்ணை ஒதுக்கத் தொடங்கியிருந்தான். மூடி தெரிந்ததும், மண்வெட்டிக்கு முன்னால் எத்தேரி தன் காலை வைத்தாள்.

“இது வேண்டாம். பக்கத்து வீட்டுக் கோச்சாகிட்ட ஒயின் கேளு.”

“இரவல் ஒயினா? அண்ணி, நுக்சார் சாவுக்கா? ஊரு காறித் துப்பும்.”

“துப்பட்டும். ஊருக்குக் குடுத்தது போதும்.”

மாடியில் பெண்கள் ஒப்பாரியைத் தொடங்கினார்கள். முதற்குரல் மனைவியுடையதாக இருக்க வேண்டும். யாரோ படிக்கட்டிலிருந்து அவளைப் பெயர் சொல்லி அழைத்தார்கள். ஒத்தார் மண்வெட்டியைச் சுவரில் சாய்த்தான். எத்தேரி மூடியின்மேல் நின்றபடியே, ஒதுக்கிய மண்ணைக் காலால் இழுத்து அதன் விளிம்பைச் சுற்றி மூடிக்கொண்டிருந்தாள்.