பல் டாக்டரின் நோட்டு

நிம்மதியான தூக்கத்தின் விலை எழுநூற்று ஐம்பது. பேரம் பேசத் தெரிந்தவர்களுக்கு எழுநூறு. பித்தளை உடம்பு, எஃகு நாக்கு, மூன்று சாவி. இருபத்தாறு வருடமாகப் பூட்டு விற்கிறேன். வெறும் பூட்டுக்காக வந்த ஒருவரை நான் பார்த்ததில்லை. பக்கத்து வீட்டில் திருட்டு என்று வருவார்கள், மருமகன் பார்வை சரியில்லை என்று வருவார்கள், கெட்ட கனவு கண்டேன் என்றுகூட ஒரு அம்மாள் வந்தார். படியேறி வருவது பயம். நான் அதற்குப் பொட்டலம் கட்டிக் கொடுப்பவன்.

கடை வாசலில், படிக்கு இடது பக்கம், ஒரு முக்காலியும் சாவி அறுக்கும் மெஷினும் இருக்கும். அங்கே உட்கார்ந்திருந்தவரைத் தெருவே 'பல் டாக்டர்' என்று கூப்பிட்டது. சாவிக்குப் பல் வைக்கிறவர் அல்லவா? "டாக்டரே, வலிக்காம பண்ணுங்க" என்று தினம் ஒருத்தராவது சொல்வார். அவரும் அன்றுதான் முதல்முறை கேட்பதுபோலச் சிரிப்பார். பதினோரு வருடம் இப்படி. காலையில் பாலத்தைத் தாண்டி, அக்கரையிலிருந்து சைக்கிளில் வந்து கடை திறப்பார். ஷட்டரின் இரண்டாவது சாவி அவரிடம்தான். சீக்கிரம் எழுந்திருக்கும் நல்ல பழக்கம் எதுவும் எனக்குக் கிடையாது.

அவரிடம் ஒரு நீள நோட்டு இருந்தது. வீட்டு எண், எதிரே ஐந்து இலக்கம். சாவியின் ஒவ்வொரு பல்லும் எவ்வளவு ஆழம் என்ற குறிப்பு அது. சாவியைத் தொலைத்தவர் கதவை உடைக்க வேண்டாம். நோட்டைப் புரட்டினால் பத்தே நிமிடத்தில் புதுச் சாவி. யோசனை என்னுடையது. நோட்டில் ஒருமுறை ஏறிய வாடிக்கையாளர் வேறு கடைப் படி மிதிக்கமாட்டார் அல்லவா? அன்று என் மனைவியிடம் பீற்றிக்கொண்டேன்: "எழுதறது டாக்டர், மூளை என்னோடது."

இரண்டு வருடத்துக்கு முன் காவல் இயக்கம் வந்தது. என் மனைவியின் தம்பி அதற்கு வட்டாரச் செயலாளர் ஆனான். சோப்பு, செருப்பு, பழைய டயர் என்று மூன்று வியாபாரத்தில் முதலைத் தொலைத்தவன், இதில் முதல் மாதமே தேறிவிட்டான். மூலைக்கு மூலை நின்று அக்கரைக்காரர்களைப் பற்றிப் பேசினான். நானே உள்ளுக்குள் மெச்சினேன்: சரக்கு வாங்காமலே விற்கிறானே!

ஒரு நாள் ஸ்டிக்கரோடு வந்தான். "அத்தான், இத கண்ணாடியில ஒட்டிக்கோங்க. இது இருக்கற கடைமேல கல்லு விழாது."

"இல்லாத கடைமேல?"

"அது எனக்கு எப்படித் தெரியும்?" என்று சிரித்தான்.

ஒட்டினேன். டாக்டர் முகத்தைப் பார்க்காமல், "சும்மா ஒரு தாளுதான், டாக்டர்" என்றேன்.

"ஒட்டுங்க முதலாளி. கண்ணாடி என்ன விலைன்னு எனக்குத் தெரியாதா?" என்றார்.

அதன்பின் வியாபாரம் ஏறியது. வருகிறவர்களிடம் நானும் இரண்டு வார்த்தை சேர்த்துப் போட்டேன்: "அக்கரையிலேருந்து யார் வர்றா, யார் போறான்னே தெரியல. விலையைப் பாக்காதீங்கம்மா." ஒரு நாள் அரத்தை நிறுத்திவிட்டு டாக்டர் சொன்னார், "நானும் அங்கேருந்துதான் முதலாளி வர்றேன்."

"உங்களையா சொன்னேன்? நீங்க நம்ம ஆளு!"

"பூட்டு வித்துதா?"

"வித்துது."

"அப்ப சரி" என்று மறுபடி ராவத் தொடங்கினார்.

தானிய வியாபாரி வீட்டில் நகை போனது. கதவு பெயரவில்லை, பூட்டு உடையவில்லை. சாவி போட்டுத் திறந்து, எடுத்துக்கொண்டு, திரும்பப் பூட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். மறுநாள் பகல் பதினொரு மணிக்கு என் மைத்துனன் ஆறு பேரோடு கடைக்கு வந்தான். ஒருவன் கையில் இரும்புக் கம்பி; அதன் நுனியால் என் கண்ணாடிப் பெட்டியை மெதுவாகத் தட்டிக்கொண்டே நின்றான். ஸ்டிக்கருக்கு நேர் கீழே.

நோட்டை எடுத்துப் புரட்டினார்கள். தெருவின் அத்தனை வீடும் அதில் இருந்தது. "இந்த நோட்டு யாரோடது?" என்றான் மைத்துனன்.

"கடை நோட்டு" என்று சொல்லி டாக்டர் என்னைப் பார்த்தார். கெஞ்சும் பார்வை இல்லை அது. சில்லறை போதாதபோது திரும்பிப் பார்ப்பாரே, இதோ முதலாளி எடுத்துக் கொடுப்பார் என்று, அந்தப் பார்வை.

"அத்தான், யோசிச்சுச் சொல்லுங்க. இந்த நோட்டு யார் யோசனையோ, அவர்தான் எங்களோட ஆபீஸுக்கு வரணும்."

நான் சொல்லவேண்டியிருந்தது நாலே சொல். 'நோட்டு போடச் சொன்னது நான்தான்.' வாய் வரைக்கும் வந்தது. கம்பி இன்னொரு முறை தட்டியது.

"நான் பூட்டு விக்கிறவன்பா. சாவி சமாச்சாரமெல்லாம் அவரு" என்றேன்.

டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மெஷின்மேல் வைத்தார். "ரெண்டு சாவி பாதியில நிக்குது முதலாளி. பேங்க்காரர் சாயந்திரம் வருவாரு" என்று சொல்லிவிட்டு அவர்களோடு நடந்தார். சாயந்திரம் பேங்க்காரர் வந்தார். பல் வைக்காத சாவியைப் பார்த்தார், காலி முக்காலியைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் போய்விட்டார்.

வீட்டில் என் மனைவி தட்டு வைத்தபடி, "அந்த நோட்டு உங்க யோசனைதானே?" என்றாள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். அவள் குழம்பை ஊற்றினாள். பிறகு தணிந்த குரலில், "ஒண்ணும் இல்லாமலா கூட்டிட்டுப் போவாங்க?" என்றாள். பேரம் பேசாமல், புரட்டிப் பார்க்காமல், வாழ்க்கையில் நான் வாங்கிய ஒரே சரக்கு அந்த வாக்கியம்தான்.

பத்தாம் நாள் டாக்டரின் மனைவி கடைக்கு வந்தாள். "இன்னும் வீட்டுக்கு வரலைங்க. எண்ணெய்க்கடை மாடியில அவங்க ஆபீஸ்ல போய்க் கேட்டா, அன்னிக்கே அனுப்பிட்டோம்கறாங்க. நீங்க வந்து ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா..."

"நான் என்னம்மா சொல்றது?"

அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு சாவியை மேசைமேல் வைத்தாள். "கடைச் சாவிங்க. தொலைஞ்சா உதவும்னு இன்னொண்ணு வீட்டுல வெச்சிருந்தாரு. இது எங்ககிட்ட இருக்க வேண்டாம்."

என்னைக் கேட்காமல் நகல் எடுத்திருக்கிறார்! அந்த நிமிடம் என் நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியதை என்னவென்று சொல்வேன். ஒன்றை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள், தொலைந்தால் உதவும் என்று ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் நானே சொல்வதுதான் அது. பதினோரு வருடத்தில் என் கல்லாவில் ஒரு காசு குறைந்ததில்லை. அதெல்லாம் ஞாபகம் வருவதற்குள் அவள் படி இறங்கிவிட்டாள். சாயந்திரமே ஷட்டர் பூட்டை மாற்றினேன்.

இயக்கத்தின் அடுத்த கூட்டத்தில் என்னை மேடையேற்றினார்கள். "என் கடைச் சாவியையே நகல் எடுத்தவன்" என்றேன். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. அந்தச் சத்தத்தில் எனக்கே அது உண்மையாகக் கேட்டது. அன்றே உறுப்பினர் அட்டை வாங்கினேன். பயத்தால் வாங்கினேன் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். எனக்கும் மறுவாரம் நம்பிக்கை இல்லை. கொள்கை என்றே தோன்றியது.

தெரு முழுக்கப் பூட்டு மாற்றியது. டாக்டர் எழுதிய பழைய நோட்டுக்கு இனி மதிப்பில்லை என்று ஆளாளுக்கு நிம்மதி.

இரண்டு மாதம் கழித்துத் தானிய வியாபாரி தனியாக வந்தார், கடையில் வேறு ஆள் இல்லாத நேரம் பார்த்து. "இன்னொரு பூட்டு குடுங்க. மூணுல ஒரு சாவி சின்னவன்கிட்ட இருக்கு."

"மகன்கிட்ட இருந்தா என்ன?"

"அன்னிக்கும் அவன்கிட்டதான் இருந்துது" என்றார், தரையைப் பார்த்து. "வெளிய சொல்லிடாதீங்க. குடும்ப மானம்."

சொல்லவில்லை. எழுநூறுக்கே கொடுத்தேன்.

மறுநாள் மைத்துனன் புது நீள நோட்டு ஒன்றை மேசையில் வைத்தான். "மாத்தின பூட்டு நம்பரெல்லாம் ஆபீஸ்ல இருக்கணும் அத்தான். ஜனங்க பாதுகாப்புக்கு."

"யார் எழுதறது?"

"வேற யாரு? நீங்கதான். நம்ம ஆளு."

வீடு வீடாகப் போனேன். ஒருவர்கூட மறுக்கவில்லை. கேட்பதற்கு முன்பே சாவியை நீட்டினார்கள். முதலில் கொடுத்தவர் பேங்க்காரர். தானிய வியாபாரி இரண்டு கையாலும் கொடுத்தார்.

நோட்டு நேற்று முடிந்தது. கூட்டிப் பார்த்தேன். வீடு இருநூற்றுப் பன்னிரண்டு, என்னுடையதும் சேர்த்து. விற்ற பூட்டு இருநூற்றுப் பதின்மூன்று, தானிய வியாபாரிக்கு இரண்டு முறை. எண்ணெய்க்கடை மாடிக்குப் போன நம்பர் இருநூற்றுப் பன்னிரண்டு, என் கையெழுத்தில். மேசை இழுப்பறையில்: பாதியில் நிற்கும் சாவி இரண்டு, எந்தப் பூட்டுக்கும் பொருந்தாத ஷட்டர் சாவி ஒன்று, மூக்குக் கண்ணாடி ஒன்று.

சொல்லாத சொல், நாலு. பாக்கி.